குளிசை கொண்டுவந்த பழி

என் மார்பிலிருந்து பால் வந்த அன்று நான் யாரோ ஒரு பெண்ணின் கலியாணச் சட்டைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. கலியாணம் ஆகவில்லை. சட்டையின் முன்பக்கம் ஈரமாக இருந்ததை முதலில் வியர்வை என்றுதான் நினைத்தேன். சுன்னாகத்தில் சித்திரை மாதத்து வெயில். தையல்கடையில் இருந்த ஒரேயொரு காத்தாடியும் வாடிக்கையாளர் இருக்கும் பக்கத்தைப் பார்த்துத்தான் சுற்றும். பின்னறைக்குப் போய்ப் பார்த்தபோதுதான் அது வியர்வை இல்லை என்று தெரிந்தது. ஒரு துணித்துண்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வந்து மிச்சக் கொக்கிகளையும் தைத்து முடித்தேன்.

இது எப்படி வந்தது என்று சொல்வதற்கு ஒரு வருடம் பின்னுக்குப் போகவேண்டும்.

அந்த வருடம் எனக்கு வருத்தம் வந்திருந்தது, மனதுக்கு வருகிற நோய். மெஷின் ஓடும் சத்தத்துக்குள் இரண்டு பெண்கள் இருந்து என்னைப் பற்றிக் கதைத்தார்கள். மெஷினை நிற்பாட்டினால் அவர்களும் நிற்பாட்டினார்கள். பிறகு நிற்பாட்டினாலும் நிற்பாட்டவில்லை. வீட்டுச் சாப்பாட்டில் அண்ணி ஏதோ கலக்கிறா என்று நம்பினேன். உரும்பிராயில் எங்கள் வீட்டில் அம்மா, அண்ணை, அண்ணி, அவர்களின் சின்னப் பிள்ளை, நான். அப்பா இல்லை. அண்ணை தோட்டம் செய்கிறார், வெங்காயம், மரவள்ளி. நான் சாப்பிடாமல் இருந்ததை அவர்கள் கோபம் என்று நினைத்தார்கள். கடைக்கார அக்காதான் முதலில் கண்டுபிடித்தது. அவவும் புருஷனுமாகத்தான் அந்தக் கடையை நடத்தினார்கள். அவர் கோட்டு, காற்சட்டை வெட்டுவார். அக்கா பெண்களுக்கு. நான் ஒரு சட்டையின் கையை மூன்றாம் தடவையும் தலைகீழாகப் பூட்டிய அன்று அக்கா கத்தரிக்கோலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, "வா, ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுவம்" என்றா. அம்மாவுக்குச் சொல்லி, ஓட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவதான்.

வார்ட்டில் இருந்துவிட்டு ஹலோபெரிடோல் என்ற குளிசையோடு வீட்டுக்கு வந்தேன். அது எதற்கு, என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மட்டும் சொன்னார்கள். வந்து சில நாளில் என் கழுத்து இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. திருப்ப முடியவில்லை. பிறகு கண் இரண்டும் மேலே போய்க் கூரையில் நின்றன. நாக்கு வாய்க்குள் அடங்க மறுத்தது. எனக்கு எல்லாம் தெரிகிறது, எல்லாம் கேட்கிறது. கதைக்கத்தான் முடியவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைகூப்பிக் கும்பிட்டார். கும்பிட்டது என்னையா, எனக்குள் வந்திருப்பதாக அவர் நினைத்ததையா என்று தெரியாது.

அண்ணை கரவெட்டிப் பக்கத்தில் பேய் ஓட்ட நூல் கட்டுகிற ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் என்னை முற்றத்தில் இருத்தி, தேசிக்காய் வெட்டி, திருநீறு போட்டு, "உது மருந்துக்கு அடங்காது, குளிசையை நிப்பாட்டுங்கோ" என்றார். வலியில் எனக்குக் கண்ணீர் வழிந்தது. பேய் போகிறபோது அழுகிறது என்று அவர் விளக்கம் சொன்னார்.

அன்று பின்னேரம் என்னைப் பார்க்க அக்கா வந்தா. முற்றத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "இதென்ன, பிள்ளையை இப்பிடி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டுக்கொண்டே என்னை எழுப்பினா. மறுபடியும் ஓட்டோ. ஆஸ்பத்திரியில் தாதி வேலை செய்கிற ஒரு மிஸி என்னைக் கண்டவுடன், "என்ன மருந்து போடுறவ?" என்று கேட்டா. அக்கா குளிசை அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினா. அதை எப்போது எடுத்தா என்று எனக்குத் தெரியாது. ஒரு ஊசி. கொஞ்ச நேரத்தில் கழுத்து தன்பாட்டில் இளகித் திரும்பியது. கண் கீழே வந்தது. நான் முதலில் பார்த்தது அக்காவின் முகத்தை.

"பேயுமில்லை பிசாசுமில்லை. உந்தக் குளிசை சில பேருக்கு இப்பிடிச் செய்யும். இப்பிடி வந்தால் உடனை கொண்டுவரச் சொல்லி உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றா மிஸி.

ஒருத்தரும் சொல்லவில்லை.

பிறகு மருந்தை மாற்றி ரிஸ்பெரிடோன் தந்தார்கள். அது என்னை முறுக்கவில்லை. மெஷினுக்குள் இருந்த பெண்கள் ஒரு மாதத்துக்குள் போய்விட்டார்கள். அந்த நன்றியை நான் மறைக்க மாட்டேன். அவர்கள் போன பிறகு கிடைத்த அமைதியில் நான் அண்ணி சமைத்த புட்டை வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஆனால் வயிறு பிறகு நிறையவே இல்லை. சாப்பிட்ட கையோடு பசித்தது. என் சட்டைகளின் பக்கத் தையலை நானே பிரித்துப் பிரித்து விட்டேன், விடுவதற்கு உள்ளே துணி இல்லாமல் போகும்வரை. காலையில் தலையணை எச்சிலில் நனைந்திருக்கும். ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்கும். அக்கா ஒன்றும் சொல்லாமல் நூல் கோத்த ஊசிகளை வரிசையாகக் குத்தி என் பக்கத்தில் வைத்துவிடுவா.

வீட்டில் மருந்தைப் பற்றி ஒரே கவலை, அதை யாரும் கண்டுவிடக் கூடாது என்பது. அம்மா குளிசைகளை அட்டையிலிருந்து பிரித்து விற்றமின் போத்தல் ஒன்றில் போட்டு அலுமாரிக்குள் வைத்தார். சொந்தக்காரருக்கு எனக்கு இரத்தம் குறைவு என்று சொல்லியிருந்தார்கள். நான் பருத்துக்கொண்டு வர வர அந்தக் கதையை நம்புவது அவர்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

பால் வந்ததை அன்று பின்னேரமே அம்மாவிடம் சொன்னேன். அம்மாவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சொன்னதும் துருவுவதை நிற்பாட்டினார். என் வயிற்றைப் பார்த்தார். மருந்தால் பெருத்த வயிறு. பிறகு, "நீ சாமியறைக்குப் போகாத நாளெண்டு இப்ப ஒண்டும் வாறேல்லையே" என்றார்.

உண்மைதான். மாதவிலக்கு நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. மற்றத் தொல்லைகளுக்குள் அதுவும் ஒன்று என்று விட்டிருந்தேன். அம்மா அதையெல்லாம் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"ஆரடி?" என்றார்.

"என்ன ஆர்?"

"ஆரெண்டு சொல்லு. அண்ணைக்கு நான் ஏதாவது சொல்ல வேணும்."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை அம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நான் அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னேன், சத்தியம் செய்தேன். வருத்தம் வந்தவள் செய்கிற சத்தியத்துக்கு எங்கள் வீட்டில் அப்போது பெறுமதி இல்லை. ஒரு காலத்தில் அண்ணி சாப்பாட்டில் நஞ்சு வைக்கிறா என்றும் நான் சத்தியம் செய்திருந்தேன்.

அண்ணை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் கடைக்கும் தவிர நான் எங்கும் போவதில்லை. கடையில் இருந்த ஒரே ஆண் அக்காவின் புருஷன். அண்ணைக்கு அந்தக் கணக்கு போதும். அடுத்த நாள் காலை, என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, அவர் சுன்னாகத்துக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்பதை நான் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். சந்தை நாள். கடையில் ஆட்கள். அண்ணை வாசலில் நின்றே கத்தியிருக்கிறார். அந்த மனுஷன் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஒன்றும் பேசாமல் நின்றாராம். அவர் பேசாமல் நின்றதையும் அண்ணை சாட்சியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"கேட்டனான். அவனாலை வாய் திறக்க ஏலாமக் கிடக்கு" என்றார் அம்மாவிடம்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் வயிற்றில் பிள்ளைதானா என்று சோதித்துப் பார்க்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது. எங்களை யாரும் அறியாத இடம் வேண்டும் என்று அம்மா என்னைச் சாவகச்சேரிப் பக்கம் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸால் இறங்கியதும் ஒரு மதிலோரம் நிறுத்தி, கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து என் வகிட்டில் வைத்தார். தான் வைக்க முடியாத குங்குமத்தை எனக்கு வைக்கும்போது அம்மாவின் விரல் கொஞ்சமும் தயங்கவில்லை. உள்ளே இருந்த வயதான டொக்டர் குங்குமத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது பிள்ளையோ?" என்று அன்பாகக் கேட்டார்.

சோதனையில் ஒன்றும் இல்லை. டொக்டர் யோசித்தார். "ஏதாவது மருந்து எடுக்கிறீங்களோ?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்திருக்கும். நான் வாயைத் திறக்க முன் அம்மா, "ஒண்டுமில்லை டொக்டர், விற்றமின்தான்" என்றார். மேசைக்குக் கீழே அவருடைய கை என் தொடையை அழுத்திப் பிடித்திருந்தது. குளிசைக்கும் பாலுக்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கையைத் தட்டிவிட்டுச் சொல்லியிருப்பேன்.

பிள்ளை இல்லை என்ற செய்தி எங்கள் வீட்டில் என்னை விடுவிக்கவில்லை. அன்று மத்தியானம் அண்ணி கிணற்றடியில் அம்மாவிடம் மெல்லிய குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. "கலைச்சிருந்தாலும் பால் வரும் மாமி."

எனக்கு ஆஸ்பத்திரி கிளினிக் நாள் இன்னும் வரவில்லை. அடுத்த நாள் காலை வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறினேன். நாள் இல்லாத நாளில் வந்ததற்கு வாசலில் பேச்சு வாங்கினேன். பெஞ்சில் வெகுநேரம் இருந்தேன். கடைசியில் ஒரு இளம் பெண் டொக்டர் கூப்பிட்டா. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னேன். முழுதும் சொல்லி முடிக்கவில்லை. அவ தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்துவிட்டா.

"இது ரிஸ்பெரிடோனாலை. அது உடம்பிலை ஒரு ஹோர்மோனைக் கூட்டும். பால் வரும், பீரியட்ஸ் நிக்கும். கனபேருக்கு வாறதுதான். இரத்தம் ஒருக்காச் சோதிச்சுப் பாத்திட்டு மருந்தை மாத்துவம். நீங்களா நிப்பாட்டிப் போடாதைங்கோ." எழுதுவதை நிற்பாட்டி நிமிர்ந்தா. "ஏன் நீங்கள் முந்தியே சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை, டொக்டர்."

அது உண்மை. மாதாமாதம் வந்தேன். மாதாமாதம் அதே இரண்டு கேள்விகள், நித்திரை வருகிறதா, சாப்பிடுகிறீர்களா. நித்திரை வந்தது, சாப்பிட்டேன். அப்படியென்றால் நல்ல சுகம். பின்னால் வரிசை நீளம். டொக்டர் பேனையைக் கீழே வைத்தா. பிறகு, "பிழைதான்" என்றா. அந்த ஒரு சொல்லை இந்த முழுக் கதையிலும் எனக்குச் சொன்னவ அவ ஒருத்திதான். அவ எனக்குப் பிழை செய்தவளும் இல்லை. அந்தக் கிளினிக்குக்குப் புதிதாக வந்தவ.

அடுத்த முறை அம்மாவையும் கூட்டிவரச் சொன்னா. அம்மா வந்தார். டொக்டர் இரத்தச் சோதனை முடிவைக் காட்டி அவருக்கும் அதையே சொன்னா. அம்மா, "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "எண்டாலும் நீ குளிசையாலைதான் எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தால் இவ்வளவு வந்திராது."

 சொல்ல வேண்டியதை அண்ணைக்கு வைத்திருந்தேன்.

"நீங்கள் கடைக்குப் போய்ச் சொல்ல வேணும்" என்றேன்.

அண்ணை வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார். "என்னத்தைச் சொல்லுறது?"

"அந்த மனுஷனிலை ஒரு பிழையும் இல்லையெண்டு. வாசலிலை நிண்டு சொன்னனீங்கள். வாசலிலை நிண்டு சொல்லுங்கோ."

"முடிஞ்ச கதையை ஏன் திரும்பக் கிளறுவான்? சனம் மறந்திடும்."

"எனக்கு விசர், பைத்தியம் எண்டு சொல்ல வேண்டி வருமெண்டுதானே?"

அண்ணை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் நான் கேட்டது சரி என்று எனக்கு விளங்கியது. அந்த மனுஷன் நல்லவர் என்று சொல்வதானால் பால் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். பால் எப்படி வந்தது என்று சொல்வதானால் நான் என்ன குளிசை போடுகிறேன் என்று சொல்ல வேண்டும். அவர்களுக்கு நான் கெட்டவளாக இருப்பது, நான் வருத்தக்காரியாக இருப்பதைவிடப் பரவாயில்லை.

அதனால் நானே போனேன். கடை மத்தியானத்துக்குப் பூட்டும் நேரம். அக்கா முன்பக்கத்தில் தனிய இருந்தா. அவவின் புருஷன் பின்னறையில் இருந்திருக்க வேண்டும், மெஷின் சத்தம் கேட்டது. என் குரல் கேட்டதும் நின்றது. நான் டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். அக்கா கதிரையைக் காட்டவில்லை. முழுதையும் கேட்டா. அவவுக்கு விளங்கியது. மற்றவர்களைவிட அவவுக்கு அந்தக் குளிசைகளைத் தெரியும்.

"எனக்கு உன்னிலை கோவமில்லை" என்றா. "உன்ரை அண்ணன் கத்திப்போட்டுப் போன பிறகு ரெண்டு நாள் நான் ஒண்டும் கதைக்கேல்லை. மூண்டாம் நாள் நானும் அவரைக் கேட்டுப்போட்டன். உண்மையோ எண்டு. இவ்வளவு வருஷம் ஒண்டாயிருந்த மனுஷனை. அவர் என்னைப் பாத்த பார்வையை என்னாலை மறக்க ஏலாமக் கிடக்கு." பிறகு, "நீ நல்லாயிரு. குளிசையை விட்டிடாதை. ஆனா இஞ்சை வராதை பிள்ளை" என்றா.

நான் எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன் என்று எனக்கு நினைவில்லை.

புது மருந்து அரிபிப்ரசோல். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இதைத் தொடங்கினார்கள். பால் வற்றியது. பசி ஒரு மனுஷியின் பசியாக ஆனது. ஆனால் இதற்கும் ஒரு குணம் இருந்தது. என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பயமோ யோசனையோ இல்லை. கால்களுக்குள் ஏதோ கிடந்து தள்ளியது. இருந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் நடக்கத் தோன்றும். கிணற்றடிக்கும் வாசல் படலைக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தேன். நின்றால் அழுகை வந்தது. அம்மா அயலுக்குக் கேட்காத குரலில், "திரும்பத் தொடங்கீட்டுது" என்றார். அண்ணி தன் பிள்ளையை என் பக்கம் விடவில்லை.

இந்த முறை நான் யாருடைய விளக்கத்துக்கும் காத்திருக்கவில்லை. கிளினிக்குக்குப் போய் அந்த டொக்டரிடம், "இது வருத்தமோ, மருந்தோ?" என்று நேரே கேட்டேன். என்னை இருக்கச் சொல்லிவிட்டு என் கால்களைப் பார்த்தா. நான் இருந்தபடியே நிலத்தில் நடந்துகொண்டிருந்தேன். "மருந்துதான்" என்றா. அளவைக் குறைத்தா. நெஞ்சுப் படபடப்புக்கும் கொடுக்கிற ஒரு சிறு குளிசையைச் சேர்த்துத் தந்தா. ஒரு கிழமைக்குள் கால்கள் என் சொல்லைக் கேட்டன. ஒரு முழுச் சட்டையை எழும்பாமல் இருந்து தைத்தேன்.

சில மாதங்களில் மாதவிலக்கும் வந்தது. நான் சாமியறைப் பக்கம் போகாததை அம்மா கண்டார். அன்று பின்னேரம் குசினியிலிருந்து நல்லெண்ணெய் மணம் வந்தது. அம்மா உழுத்தங்களி கிண்டி, ஒரு கோப்பையில் போட்டு, எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். வயதுக்கு வந்து பெரியபிள்ளையான பெட்டைக்குக் கொடுக்கிறது. அவர் முகத்தில் இருந்தது சந்தோஷமா, தப்பினோம் என்ற ஆறுதலா என்று தெரியவில்லை.

"சாப்பிடு பிள்ளை."

"வேண்டாம்."

"உனக்கெண்டுதானே கிண்டினனான்."

"நீங்கள் நான் கலைச்சனான் எண்டு நினைச்சனீங்கள்."

அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். அதை அண்ணியின் பிள்ளை சாப்பிட்டது.

இப்போது வீட்டு விறாந்தையில் மெஷினைப் போட்டுத் தைக்கிறேன். வேலை வருகிறது, போகிறது. காலையில் குளிசை போடுகிறேன், போத்தலில் இருந்து இல்லை, அட்டையில் இருந்து. அட்டை மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கும். வாய் காய்கிறது, அதற்குத் தண்ணீர். சில நாள் வயிற்றைப் பிரட்டும், அதற்குச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது. வருடத்தில் ஒருமுறை கிளினிக்கில் இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் சோதிக்கிறார்கள். இப்போதெல்லாம் நான் உள்ளே போனவுடன் அவர்கள் கேட்க முன்பே சொல்லத் தொடங்கிவிடுவேன். சில டொக்டர்மாருக்கு அது பிடிப்பதில்லை.

போன வருடம் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தொலைபேசியில் கதைத்தார்கள். அம்மா வாசலில் நின்று, "பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை. இடைக்கிடை தலையிடிதான், அதுக்கு ஒரு குளிசை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழும்பிப் போய்த் தொலைபேசியை வாங்கினேன். எனக்கு என்ன வருத்தம், என்ன மருந்து, எவ்வளவு காலமாக, அது என்னென்ன செய்தது என்று சொன்னேன். மற்றப் பக்கத்தில் ஒரு பெண் மரியாதையாக எல்லாம் கேட்டா. "ஓம் பிள்ளை, நாங்கள் யோசிச்சுப்போட்டுத் திரும்ப எடுக்கிறம்" என்று சொல்லி வைத்தா. எடுக்கவில்லை.

அம்மா ஒரு கிழமைக்கு மேல் என்னுடன் கதைக்கவில்லை. வீடு நல்ல அமைதியாக இருந்தது. தேங்கிக் கிடந்த தையல் எல்லாவற்றையும் தைத்து முடித்தேன்.